படுத்த மாடும் படுக்கவெச்ச தங்கச்சியும்

மாட்டுத் தரகன் பேச்சை ஒண்ணுக்கு ரெண்டு தடவை யோசிச்சுத்தான் நம்போணும்னு ஊருல சொல்லுவாங்க. நாயந்தான். அம்பது வருசமாக் கண்ணபுரம் சந்தையில துண்டுக்குள்ள வெரலப் புடிச்சு விலை பேசுனவன் நானு. கடை சேந்த மாட்டை நாலு பல்லுன்னு சொல்லி வித்திருக்கறேன். சொன்னவன் நானு, நம்புனவன் அவன், பாவத்துல ஆளுக்குப் பாதி. ஆனா, வாங்கறவங்கிட்ட என்ன சொன்னாலும், மாட்டைத் தடவிப் பாக்கறப்ப எனக்கு நானே பொய் சொல்லிக்கிட்டதில்லை. அந்தக் கையோடதான் போன தை மாசம் கோயமுத்தூருக்கு என்ர தங்கச்சியப் பாக்கப் போனேன்.

தங்கச்சிக்கு வயசு எழுவத்தி நாலு. நிமோனியா. ஆஸ்பத்திரியில எட்டு நாள். ஊசி, மருந்து, மூக்குல காத்துக் குழாய் எல்லாம் ஆகி, ஊட்டுக்குக் கூட்டியாந்து பத்து நாளாச்சு. காய்ச்சல் போயிருச்சு. இருமல் குறைஞ்சிருச்சு. "இனி தெம்பு வந்தாப் போதும்"னு டாக்டரும் சொல்லிப்போட்டாரு. அந்தத் தெம்பு எந்த பஸ்ஸுல வருதுன்னு பாத்துக்கிட்டு ஊடே உக்காந்திருந்துச்சு.

உள்ள போனா கட்டலைச் சுத்தி ஒறம்பரைக் கூட்டம். சீக்கு பாக்க வர்றவங்க கொண்டார்ற சாமான் நாப்பது வருசமா மாறவே இல்லை. ஆப்பிளு, சாத்துக்குடி, ரொட்டி, ரஸ்க்கு. பல்லு இல்லாதவளுக்கு ஆப்பிளு, பசி இல்லாதவளுக்கு ரஸ்க்கு. கடைசியில அதையும் கொண்டாந்தவங்க புள்ளைங்களே தின்னுபோட்டுப் போயிருதுங்க. நடுவுல என்ர தங்கச்சி கழுத்து வரைக்கும் கம்பளி போத்திக்கிட்டு மல்லாக்கப் படுத்திருந்தா. சீரங்கத்துப் பெருமாள் சயனங்கூட ஒருக்களிச்சாப்பல இருக்கும். இவளுக்கு அதுவும் இல்லை.

அவ மகன், எனக்கு மாப்ள முறை, பெருமையாச் சொன்னான்: "மாமா, அம்மாவத் தரையில காலே வெக்க உடறதில்லீங்க. தண்ணியில இருந்து அம்புட்டும் கட்டலுக்கே போயிருமுங்க. மூணு நேரமும் கஞ்சிதானுங்க. லேசாச் செரிக்கோணுமில்லீங்க?"

"மாப்ள, இந்தக் கவனிப்பைப் பகையாளிக்குப் பண்ணுனா போலீசு கேசு ஆயிரும். அம்மாளுக்குப் பண்ணறதால பாசம்னு பேரு"ன்னேன்.

அவன் மூஞ்சி சுண்டிப்போச்சு. கம்பெனியில நூறு பேருக்கு வேலை சொல்ற பையன். "கோவிச்சுக்காத. உனக்கு மாடு தெரியாது. அதனாலதான் மனுசரும் தெரியலை. உங்கொம்மா கண்ணாலத்துல ஒரு கறவை மாடு சீராத் தர்றேன்னு சொன்னேன். 1971ல. இன்னும் தர்லை. அது வேற கதை..."

கட்டல்ல இருந்து ஒரு கண்ணு மட்டும் தொறந்துச்சு. "வேற கதையில்லீங்ணா. அதே கதைதான்." சத்தம் கெணத்துக்குள்ள இருந்து வந்தாப்பல இருந்துச்சு. ஆனா கணக்கு மறக்கலை. உசுரு நல்லாத்தான் இருக்குதுன்னு எனக்குத் தெகிரியம் வந்துருச்சு. ஒடம்பைத்தான் பாக்கோணும்.

மாப்ளைக்கு மாட்டுக் கதையைச் சொன்னேன். கன்னு போட்ட மாடு ஒடம்புல சுண்ணாம்புச் சத்து எறங்கிப் படுத்துக்கும். மாட்டு டாக்டரு வந்து ஊசி போடுவாரு. ஊசியோட சோலி முடிஞ்சுதுன்னு யாராச்சும் போயிப் படுத்துக்குவாங்களா? சாக்கை வயித்துக்கடியில குடுத்து நாலு பேரு தூக்கி நிறுத்துவோம். நிக்காட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாப் பொரட்டிப் போட்டுக்கிட்டே இருப்போம். ஒரே பக்கமாக் கெடந்தா மாட்டோட பாரமே அதோட தொடைச்சதையை நசுக்கிக் கொன்னுபோடும். ரத்தத்துல சத்து ஏறியிருக்கும், காலு செத்திருக்கும். வந்த சீக்கு தீந்தும் மாடு எந்திரிக்காது. வந்த சீக்கு ஒண்ணு, போன காலு ஒண்ணு.

"மாடு படுத்தா நாலு பேரு தூக்கறோம். அம்மா படுத்தா நாலு தலகாணி வெக்கறோம்."

என்ர மகளோட மக பிசியோதெரபி நாலரை வருசம் படிச்சவ. இந்தக் கதையைச் சொன்னாச் சிரிப்பாளுன்னு நெனச்சேன். "அப்புச்சி, இதை மனுசங்கள வெச்சே பாத்திருக்காங்க"ன்னா. 2007ல அமெரிக்காவுல வெளியான ஆராய்ச்சி. சீக்கு இல்லாத, நல்லா நடமாடற வயசாளிங்க, சராசரி வயசு 67. பத்து நாள் கட்டல்லயே வெச்சாங்க. சோத்துக்குக் குறையில்லை, அளந்து போட்டிருக்காங்க. பத்து நாள் கழிச்சுப் பாத்தா, கால்ல மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதையக் காணாம்! காய்ச்சல் இல்லை, பட்டினி இல்லை, சும்மா படுத்ததுக்கு அபராதம் ஒரு கிலோ. "உங்கொம்மா பதினெட்டு நாளாச் சீக்கோடயும் கஞ்சியோடயும் கெடக்கறா. கறிக்கடையில ஒரு கிலோ எம்புட்டு இருக்கும்னு பாத்திருப்ப. மீதிக் கணக்கை நீயே போட்டுக்க"ன்னேன் மாப்ளகிட்ட.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1947லயே லண்டன்ல ரிச்சர்டு ஆஷருன்னு ஒரு டாக்டரு, கட்டல்ல படுக்கப் போறது எத்தனை ஆபத்துன்னு மருத்துவப் பத்திரிகையில எழுதிப்போட்டாரு. நம்ம நாடு எந்திரிச்சு நின்ன வருசம். நோயாளி எந்திரிக்கறதுக்கு மட்டும் இன்னும் சுதந்திரம் வரலை.

இப்படிப் பேசிட்டிருக்கறப்பவே ஒறம்பரையில ஒரு பெரியவரு பெருமூச்சு உட்டாரு. "வயசாயிருச்சு. இழுத்துக்கிட்டுக் கெடக்காம நல்லபடியாப் போயிட்டாச் சரி." தங்கச்சி காதுல உழுகற மாதிரியேதான் சொன்னாரு. சீக்கு பாக்க வர்றதுல இது ஒரு வகை: ஆப்பிளுக்குப் பதிலா அடக்கத்தைக் கொண்டாருவாங்க.

அவருக்கும் ஒரு கதை வெச்சிருந்தேன். வில்லியம் ஆஸ்லருன்னு பெரிய டாக்டரு. 1892ல எழுதுன புஸ்தகத்துல, நிமோனியா முதுமைக்குன்னே வந்த தனி எதிரின்னு எழுதுனாரு. சில வருசம் போச்சு. மறு பதிப்புல மனசு மாறி, அது வயசாளிக்குக் கூட்டாளின்னு எழுதிப்போட்டாரு. நோகாம, சீக்கிரமா முடிச்சு உட்ருமாம். 1919ல அவருக்கு எழுவது வயசு. அந்தக் கூட்டாளியே வந்து கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. "கூட்டாளின்னு சொன்னவருக்கே அந்த மரியாதைதான். அவருகிட்ட இன்னைக்கிருக்கற மருந்து இல்லை. எங்கிட்ட இருக்குது. அதனால நீங்க கூட்டாளிய வேற ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னேன். அவரு அந்த ரஸ்க்கு பாக்கெட்டையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

கூட்டம் கலைஞ்சப்பறம் மருமகப் புள்ள வந்து நின்னா. முறைக்கு நான் அவளுக்குப் பெரியப்பா. "பெரியப்பா, சீக்கு நெஞ்சுல. நீங்க காலைக் காலைன்னு சொல்றீங்களே?"ன்னா. ஊட்டுல கேள்வி கேக்கத் தெரிஞ்சவ ஒருத்தி இருக்கறா, பரவால்லை.

"கண்ணு, சளிய மருந்து துப்பாது. சதைதான் துப்போணும். ஒரு இருமல் இருமோணும்னா வயித்துக்கு மேல இருக்கற சதையும் வெலாச்சதையும் இழுத்து மூச்சை நெரப்போணும், அடிவயித்துச் சதை எக்கி வெளிய தள்ளோணும். தொடையில சதை கரைஞ்சவளுக்கு வயித்துல மட்டும் வைரம் பாய்ஞ்சா இருக்கும்? கோழி கேருனாப்பல ஒரு சத்தம் வரும், சளி வராது. மல்லாக்கப் படுத்தா அதுக்கு மேல. வயிறு மேல ஏறி நெஞ்சை முட்டிக்கும். நொரையீரலோட அடிப்பக்கம் விரியாது. விரியாத எடத்துல சளி தேங்கும். குட்டையில தண்ணி தேங்குனாக் கொசு வராம இருக்குமா? உக்காரவெச்சாலே பாதி வைத்தியம்."

"அப்பறம் இன்னொண்ணு. காய்ச்சல் வந்தா ஒடம்பு அடுப்பைப் பெருசா எரிக்கும். கிருமியோட சண்டை போடற படைக்கும் சோறாக்கோணும். வெளிய இருந்து வெறகு வரலைன்னா என்ன பண்ணும்? ஊட்டு உத்தரத்தை உருவி அடுப்புல வெக்கும். சதைதான் அந்த உத்தரம். வாலிபத்துல நாலு உத்தரம் எச்சா இருக்கும், போனாத் தெரியாது. எழுவத்தி நாலுல இருக்கறதே ஒத்தை உத்தரம். கஞ்சிங்கறது ஓலை கண்ணு. சடசடன்னு எரியும், நிக்காது."

சொல்லிப்போட்டுத் தோள்ல இருந்த துண்டை எடுத்தேன். தரகன் மாட்டைப் பாக்கறாப்பலயே தங்கச்சியப் பாத்தேன்.

மொதல்ல கை. துண்டுக்குள்ள அவ கையப் புடிச்சு, "அழுத்து"ன்னேன். கோழி றெக்கை பட்டாப்பல இருந்துச்சு. பேத்திகிட்ட இதுக்கு ஒரு கருவியே இருக்குது. ஆசியக்காரங்களுக்குன்னு 2019ல அளவு வெச்சிருக்காங்களாம்: ஆம்பளைக்கு 28 கிலோவுக்குக் கொறஞ்சா, பொம்பளைக்கு 18 கிலோவுக்குக் கொறஞ்சா புடி தளந்துபோச்சுன்னு அர்த்தம். கைப்புடி, ஒடம்பு மொத்தத்துக்கும் தூதுவன். துண்டுக்குள்ள எதிராளி புடிக்கற புடியிலயே அவன் மடியில எத்தனை பணம் இருக்குதுன்னு நான் சொல்லுவேன். அதே சங்கதிதான்.

ரெண்டாவது கெண்டைக்கால். ஜப்பான்ல இதுக்குக் காசில்லாத ஒரு வழி வெச்சிருக்காங்க. ரெண்டு கட்டை வெரலும் ரெண்டு ஆள்காட்டி வெரலும் சேத்து வளையமாக்கி, கெண்டைக்கால்ல தடிமனான எடத்துல கோக்கறது. வெரல் எட்டலைன்னாச் சதை இருக்குது. சரியாப் பொருந்துனாப் பாத்துக்கோணும். வளையம் தொளதொளன்னு நின்னா உத்தரம் எரிஞ்சிட்டிருக்குதுன்னு அர்த்தம். அவ கால்ல என்ர வெரல் வளையம் நின்ன நெலையில, ஒரு வளையலையும் சேத்துப் போட்டிருக்கலாம்.

மூணாவது, எந்திரிச்சு நிக்கறது. சந்தையில படுத்திருக்கற மாட்டுக்கு எவனும் விலை கேக்க மாட்டான். நம்ம கவுருமெண்டே இப்பத்தான் இந்த ரகசியத்தைப் புடிச்சிருக்குது. 2022ல இருந்து தமிழ்நாட்டுல காசநோய் இறப்பில்லாத் திட்டம்னு ஒண்ணு நடக்குது. காசநோய்னு தெரிஞ்ச ஒடனே அரசு ஆஸ்பத்திரியில என்ன பாக்கறாங்க தெரியுமா? எடையும் ஒசரமும் பாத்து ஆளு எத்தனை மெலிஞ்சிருக்கறாருன்னு ஒரு கணக்கு. கால்ல வீக்கம் இருக்குதா. மூச்சு நிமிசத்துக்கு 24க்கு மேல போகுதா, ரத்தத்துல ஆக்சிஜன் 94க்குக் கீழ எறங்குதா. அப்பறம் ஒரு கேள்வி: புடிமானம் இல்லாம எந்திரிச்சு நிக்கறாரா? இதுல தேறாதவரு ஆபத்துல இருக்கறாருன்னு ஒடனே படுக்கை குடுத்துப் பாக்கறாங்க. படிச்ச டாக்டருங்களும் சந்தைத் தரகனும் கேக்கற கேள்வி ஒண்ணேதான்.

சோத்துக்கும் காசநோயிலயே சாட்சி இருக்குது. ஜார்க்கண்டுல காசநோய்க்காரங்களுக்கு மருந்தோட மாசாமாசம் அரிசி, பருப்பு மாவு, பால் பொடி, எண்ணெய்னு குடுத்துப் பாத்தாங்க. மொத ரெண்டு மாசத்துல எடை ஏறுனவங்க பொழைச்சது எச்சு. அவங்க ஊட்டுல இருக்கறவங்களுக்கும் சத்தாப் போட்டதுல, புதுசா நோய் வர்றது நூத்துக்கு முப்பத்தொம்போது பங்கு கொறஞ்சுது. 2023ல முடிவு வெளியாச்சு. அது காசம், இது நிமோனியா, கிருமி வேற. ஆனாக் குடியிருக்கற ஊடு ஒண்ணுதான்.

நாலாவது வாய். பல்லைப் புடிச்சுப் பாக்காம எவன் மாடு வாங்குவான்? தங்கச்சிக்குப் பல்செட்டைக் கழட்டி டம்ளர்ல போட்டுப் பதினெட்டு நாளாச்சு. கஞ்சிக்கு எதுக்குப் பல்லுன்னு உட்டுட்டாங்க. வாயக் கழுவுனதும் அன்னைக்கோட சரி. படுத்த வாக்குல கஞ்சியப் புகட்டறப்ப ரெண்டு தடவை பொரையேறுச்சுன்னு மருமகப் புள்ளயே சொன்னா. முழுங்கறதும் சதை பண்ற வேலைதான். அது தளந்தா, சோத்துப் பாதையில போக வேண்டியது மூச்சுப் பாதையில போகும். அழுக்கு வாயில இருக்கற கிருமியும் அதோட சேந்து நெஞ்சுக்குள்ள எறங்கும். தீந்த சீக்கு திரும்ப வரும். ஜப்பான்ல பதினோரு முதியோர் இல்லத்துல ரெண்டு வருசம் பாத்திருக்காங்க. வேளா வேளைக்கு வாயச் சுத்தம் பண்ணி உட்டவங்கள்ல நூத்துக்குப் பதினோரு பேருக்குத்தான் நிமோனியா. பண்ணாதவங்கள்ல பத்தொம்போது. ஒரு பல்தேய்ப்பான் பண்ணுன வேலை.

அஞ்சாவது தீனி. அசை போடாத மாடு சீக்கு மாடுன்னு மேய்க்கற பையனுக்கே தெரியும். தங்கச்சிக்குச் சீக்கு ஆரம்பிச்சப்பக் காய்ச்சல் பெருசா இல்லையாம். ரெண்டு நாள் சோறு எறங்கலை, பேச்சுல தடுமாத்தம். வயசான கோளாறுன்னு உட்டுட்டாங்க. வயசானவங்களுக்கு நிமோனியா அப்படித்தான், காய்ச்சலைக் காட்டாம வரும். சோறு வேண்டாங்கறதும், ஒளர்றதும், தடுக்கி உழுகறதுமே அது தட்டற கதவு.

"சரி, கஞ்சிக் கணக்குக்கு வாங்க"ன்னு மாப்ளையும் மருமகளையும் உக்காரவெச்சேன். ஒரு டம்ளர் கஞ்சிக்கு ஒரு புடி அரிசி. அதுல புரதம் ரெண்டு கிராம். மூணு நேரத்துக்கு ஆறு. இவ அம்பது கிலோ. வயசானவங்க நல்லா இருக்கறப்பவே கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் கொறையாம வேணும். சீக்குல இருந்து எந்திரிக்கறப்ப 1.2ல இருந்து 1.5 வரைக்கும் வேணும்னு பேத்தி சொல்றா. அப்ப இவளுக்கு நாளைக்கு அறுவதுல இருந்து எழுவத்தஞ்சு கிராம். "அறுவது ரூவா கடனுக்கு ஆறு ரூவா கட்டிப்போட்டு, கடன்காரன் ஏன் இன்னும் வாசல்ல நிக்கறான்னு கேக்கறீங்க."

"முட்டை சூடுங்க, பால் சளிங்க, தயிர் ஆகாதுங்க"ன்னு மாப்ள ஆரம்பிச்சான். பால் குடிச்சா எச்சி சித்த கொழகொழன்னு தொண்டையில நிக்கும். அதைச் சளின்னு நெனைக்கறோம். பாலால நெஞ்சுச்சளி கூடறதில்லை. ஆட்டுக்கால் சூப்புன்னு ஒண்ணு வெச்சிருந்தாங்க. மணத்துக்கும் மிளகுக்கும் பசி எந்திரிக்கும், அதுக்கு ஆகும். ஆனாச் சதையக் கட்டற சரக்கு அதுல கம்மி. கறியச் சீக்கில்லாத மகன் தின்கறான், கழுவுன தண்ணிய சீக்குக்காரி குடிக்கறா. சந்தைக்குக் காளையக் கொண்டு போறவன் பருத்திக்கொட்டையும் ஊறவெச்ச கொள்ளும் வெப்பானா, கழனித்தண்ணிய மட்டும் காட்டுவானா?

அப்பவே சமையக்கட்டுச் சுவத்துல கரிக்கட்டியில எழுதாத கொறையா ஒரு கணக்குப் போட்டுக் குடுத்தேன். வெடியால ரெண்டு இட்டலியோட ஒரு முட்டை. காலையிலயும் ராத்திரியும் ஒவ்வொரு டம்ளர் பாலு. மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறு கொழைய வெச்சு, நெய்யும் கெட்டித் தயிரும், கூடக் கொஞ்சம் நாட்டுக்கோழிக் கறி, பல்லுக்குத் தக்கனயாக் கொத்தி. கறி வேண்டாங்கற நாள்ல பச்சப்பயறோ கொள்ளுப் பருப்போ கடைஞ்சு. பொழுதோட ஒரு புடி நெலக்கடலையை அவிச்சு மசிச்சு. ராத்திரி ரெண்டு தோசை, இன்னொரு முட்டை. கூட்டிப் பாத்தா அறுவதைத் தொடும். மொத்தத்தையும் மத்தியானத்துலயே கொட்டப்படாது, மூணு நேரத்துக்கும் பங்கிடோணும். பழைய அடிபம்பு பாத்திருப்பீங்க. புதுசுல ரெண்டு அடியில தண்ணி வரும். பழசாச்சுன்னா மேல ஒரு சொம்பு ஊத்துனாத்தான் வேலை செய்யும். வயசான சதையும் அப்படித்தான். ஒவ்வொரு நேரமும் சித்த எச்சா ஊத்துனாத்தான் எழும்பும். சிறுநீரகக் கோளாறு இருக்கறவங்க மட்டும் டாக்டரைக் கேக்காம இந்தக் கணக்கைத் தொடப்படாது. சக்கரை இருக்கறவங்க கஞ்சியக் கண்டு பயப்படட்டும், முட்டையக் கண்டு பயப்பட வேண்டா.

சோறு மட்டும் போட்டாலும் ஆகாது. கட்டுத்தறியிலயே நிக்கற மாடு கொழுக்கும், ஏரு இழுக்காது. நிமோனியாவுல சேந்தவங்கள மொத நாளுக்குள்ளயே இருவது நிமிசமாச்சும் கட்டலை உட்டு எறக்கி உக்காரவோ நடக்கவோ வெச்சதுல, ஆஸ்பத்திரியில இருக்கற நாள் ஒண்ணுக்கு மேல கொறஞ்சுதுன்னு 2003லயே எழுதியிருக்காங்க. அதனால சட்டம் போட்டேன். சாப்பாடு நாக்காலியில. தண்ணிச் சொம்பு கைக்கு எட்டாத எடத்துல. பாத்ரூமுக்குக் கையப் புடிச்சுக்கிட்டு அவளே நடக்கோணும். உக்காந்து எந்திரிக்கறது மூணு நேரமும், மொதல்ல ரெண்டு, அப்பறம் அஞ்சு. நடக்கறப்பப் பேச முடிஞ்சா நடக்கலாம். பேச்சு நின்னு மூச்சு வாங்குனா உக்காரோணும். நெஞ்சு வலி, தலைசுத்தல், ஒதடு நீலம் பூத்தா டாக்டருகிட்டத்தான். ஆஸ்பத்திரியில குடுத்த மூணு பந்து டப்பா ஒண்ணு மேசையில இருந்துச்சு. பத்து நாளா அவள "ஊது, ஊது"ன்னு ஊதவெச்சிருக்காங்க. அது உறிஞ்சறதுக்கு! பந்து ஏன் ஏறலைன்னு மிசினு மேல பழி. அப்பறம், தெம்பு வந்ததும் டாக்டரைக் கேட்டுப்போட்டு நிமோனியாவுக்கும் வருசாவருசம் ஃப்ளூவுக்கும் தடுப்பூசி. மாட்டுக்குக் கோமாரி ஊசிக்குக் கேம்பு தேடிப் போறவங்க தனக்குன்னா மட்டும் பஞ்சாங்கம் பாப்பாங்க.

எல்லாத்தையும் கேட்டுப்போட்டு மருமகப் புள்ள செல்போனை எடுத்தா. "பெரியப்பா, ஆசியக்காரங்க அளவுன்னீங்களே, அதுல நாக்காலியில அஞ்சு தடவை உக்காந்து எந்திரிக்கறதும் இருக்குதுங்க. பன்னெண்டு வினாடிக்குள்ள முடிக்கோணுமாம். நீங்க பண்ணுங்க பாக்கலாம். கையக் கட்டிக்கங்க."

கையக் கட்டிக்கிட்டேன். மூணாவதுலயே முட்டி ராகம் பாடுச்சு. பதினாறு வினாடி. "நாக்காலி ஒசரம் கம்மி"ன்னேன். தங்கச்சி கட்டல்ல இருந்து சிரிச்சா. சிரிப்பு இருமலாச்சு, இருமல்ல சளி வந்துச்சு. பதினெட்டு நாள்ல மொத வைத்தியம் அதுதான்.

சித்திரை மாசம் கண்ணபுரம் மாரியம்மன் நோம்பிச் சந்தை. காங்கேயம் மாடுக வெள்ளை வெளேருன்னு காடு நெறைய நின்னுச்சு. ஒரு காரு வந்து நின்னு, என்ர தங்கச்சி எறங்குனா. குச்சி இருந்துச்சு, ஊனலை, கையில வெச்சிருந்தா. நேரா ஒரு கறவை மாட்டுகிட்டப் போயி, மாட்டுக்காரங்கிட்ட "சித்த நடத்திக் காட்டுங்க"ன்னா. பல்லைப் பாத்தா. அசை போடுதான்னு நின்னு பாத்தா. நான் சொன்ன அஞ்சையும் பாத்துப்போட்டு, என்ர தோள்ல இருந்த துண்டை உருவி என்ர கை மேல போட்டா.

புடிச்சா பாருங்க ஒரு புடி! மோதரம் எலும்புல எறங்குச்சு. அவ புடிச்ச வெரல் கணக்கு, மாட்டுக்காரன் சொன்ன விலைக்குக் கம்மி, என்ர மடியில இருந்த பணத்துக்குச் சரி. அம்பது வருசத் தரகன் ஒரு வார்த்தை பேச முடியலை. எண்ணிக் குடுத்தேன்.

"அடி பாவி, கோயமுத்தூரு மூணாவது மாடியில மாட்டை எங்க கட்டுவ?"

"எனக்கெதுக்குங்ணா மாடு? உங்க பட்டியிலயே நிக்கட்டும். பால் நீங்களே குடிங்க. தெனமும் ரெண்டு நேரம் மேய்ச்சலுக்கு மட்டும் நீங்களே புடிச்சுக்கிட்டு நடந்துருங்க. பதினாறு வினாடிய நான் மறக்கலை."

கயித்தை என்ர கையில குடுத்துப்போட்டுக் காருக்கு நடந்துட்டா. மாடு என்னைப் பாத்துச்சு, நடத்திப் பாக்கலாமாங்கற மாதிரி.